உங்களுக்குத் தெரியுமா? வெயில் எட்டாத மூலை

வடசென்னையில் தோட்டம் என்றால் யாரும் ஏக்கர் கணக்குப் பேசுவதில்லை. காம்பவுண்டுச் சுவருக்கும் வீட்டுக்கும் நடுவே மூன்றடி, நான்கடிச் சந்து. அதில் ஒரு கைப்பம்பு, லாரித் தண்ணீர் பிடிக்க இரண்டு நீல டிரம், மிச்ச இடத்தில் தொட்டிகள். பக்கத்து மனையில் மூன்று மாடி எழும்பிவிட்டால் அந்தச் சந்தும் கிணறு மாதிரி இருண்டுவிடும். திருவொற்றியூரில் என் வீட்டு வடக்குச் சந்து அப்படி இருண்டு பல வருடமாகிறது. அதோடு மல்லுக்கட்டியதில் தெரிந்துகொண்டவை இவை.

நிழல் நகரும்

சென்னை இருப்பது வடக்கே 13 பாகையில். சூரியனோ 23½ பாகை வரை வடக்கே போய்த் திரும்புகிறது. ஆகவே ஏப்ரல் 24 வாக்கில் ஒரு நாள், ஆகஸ்ட் 18 வாக்கில் ஒரு நாள், நண்பகலில் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும். நட்டு வைத்த கம்புக்கு நிழலே விழாது. ஏப்ரலில் அது நடப்பது சுமார் 12.07க்கு, ஆகஸ்டில் 12.13க்கு. இந்த இரண்டு நாளுக்கும் இடைப்பட்ட, நாலு மாதத்துக்குக் கொஞ்சம் குறைவான காலம் முழுக்க மதியச் சூரியன் நமக்கு வடக்கே இருக்கிறது.

இதைச் சுவர்க் கணக்காக்கிப் பாருங்கள். 10 அடிச் சுவரின் நிழல் டிசம்பர் 21 மதியம் வடக்குப் பக்கம் ஏறக்குறைய ஏழரை அடிக்கு விழும். (ஏழரை என்றதும் சனி ஞாபகம் வந்தால் தப்பில்லை. அந்தப் பக்கத்துச் செடிக்கு அது அப்படித்தான்.) அதே சுவரின் நிழல் ஜூன் 21 மதியம் தெற்குப் பக்கம் விழும், அதுவும் இரண்டடிக்குள். 35 அடி உயரக் கட்டடத்துக்கு டிசம்பரில் 26 அடி, ஜூனில் ஆறரை அடிகூட இல்லை.

இது தெரியாமல் நான் ஒரு தை மாதம் பீஸ் லில்லி வாங்கினேன். “நிழல்ல வைங்க சார், தானா வரும்” என்றார் நர்சரிக்காரர். வடக்கு மூலையில் வைத்தேன், தானாகவே வந்தது, வெள்ளையாக இரண்டு பூ விட்டது. கத்திரி பிறந்த இரண்டாவது வாரம் போய்ப் பார்த்தால் இலைகள் பொரித்த அப்பளமாக நொறுங்கின. அவர் சொன்னதில் பிழையில்லை. நிழல் மூலை என்று நான் பெயர் வைத்தது தையில். சித்திரையில் அது வெயில் மூலை. அதிலிருந்து மாதம் ஒருமுறை மதியம் சாக்பீஸால் தரையில் நிழல் விளிம்பைக் கோடு போடுகிறேன். வீட்டில் சிரிக்கிறார்கள், போகட்டும்.

கண் ஏமாற்றும்

மொட்டை மாடியில் உச்சி வெயில் ஏறக்குறைய 1 லட்சம் லக்ஸ். வானம் பார்த்த நல்ல நிழலில் 10,000 வாக்கில். டியூப்லைட் எரியும் அறையில் சில நூறுதான். நம் கண் இந்தப் பெரிய வித்தியாசத்தைச் சமாளித்துவிடுவதால் “வெளிச்சமாத்தானே இருக்கு” என்று சொல்லிவிடுகிறோம். செடிக்கு அந்தச் சமாளிப்பு கிடையாது.

மதியம் ஒரு வெள்ளைத் தாளைத் தரையில் போட்டு, ஓரடி உயரத்தில் கையை விரித்துப் பிடியுங்கள். விரல்கள் தனித்தனியாக நிழல் விழுந்தால் பூச்செடியே வைக்கலாம். மங்கலான திட்டு விழுந்தால் இலைச்செடி. ஒன்றும் விழவில்லையா, சைக்கிளை நிறுத்துங்கள்.

முதல் செடி சுண்ணாம்பு

இருட்டு மூலைக்கு நர்சரிக்குப் போகும் முன் சுவரைப் பாருங்கள். பாசி படிந்து கறுத்த சுவர் விழுந்த வெளிச்சத்தை விழுங்கிவிடும். வெள்ளைச் சுவர் அதில் பெரும்பங்கைத் திருப்பிச் செடிகளின் பக்கம் வீசும். நூறு ரூபாய்ச் சுண்ணாம்பு செய்கிற வேலையை ஆயிரம் ரூபாய்ச் செடி செய்யாது.

இதில் நம் ஊருக்கு ஒரு பழைய பெருமையும் உண்டு. எண்ணூர், பழவேற்காடு உப்பங்கழிகளில் அள்ளிய கிளிஞ்சலைச் சுட்டுத்தான் அந்தக் காலச் சென்னைக் கட்டடங்களுக்குச் சுண்ணாம்பு வந்தது. அதோடு முட்டை வெள்ளைக்கரு, தயிர், வெல்லம், கடுக்காய் என்று சேர்த்து அரைத்துப் பூசி, கல்லால் தேய்த்து மெருகேற்றினால் சுவர் சலவைக்கல் போல மின்னும். வெள்ளைக்காரர்கள் மயங்கிப்போய் நம் சொல்லையே ‘சுனாம்’ என்று ஆங்கில அகராதிக்குக் கொண்டுபோனார்கள்.

அதைவிட எனக்குப் பிடித்தது அதன் வேதியியல். கிளிஞ்சல் என்பது கால்சியம் கார்பனேட். சூளையில் சுடும்போது கரியமில வாயு வெளியேறி, நீறாத சுண்ணாம்பு மிஞ்சும். தண்ணீர் ஊற்றியதும் அது கொதித்துப் பொங்கி நீறும். (பக்கத்தில் பிள்ளைகளை விடாதீர்கள், கண்ணில் தெறித்தால் ஆபத்து.) அதைச் சுவரில் அடித்தபின், காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி மறுபடியும் கால்சியம் கார்பனேட் ஆகிவிடும். அதாவது, காய்ந்த சுவரில் இருப்பது பழைய கிளிஞ்சலேதான், தட்டையாக.

அடிக்கும்போது தொட்டிகளைச் சாக்குப் போட்டு மூடுங்கள். சுண்ணாம்பு சொட்டி மண்ணின் காரம் ஏறினால் வேர் இரும்புச்சத்தை எடுக்கத் திணறும். இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அதைப் பார்த்து உரம் போட்டவர்கள் பலர், நானும் ஒருவன்.

நீலம் கலப்பது ஏன்?

வெள்ளையடிக்கும்போது வாளியில் ஒரு சிட்டிகை நீலம் போடுவார்கள். சுண்ணாம்பின் லேசான மஞ்சளை அந்த நீலம் கண்ணுக்கு மறைத்துவிடும். வேட்டிக்குப் போடும் அதே தந்திரம். ஒரு சிட்டிகை தாண்டினால் சுவர் வெளுப்பாக இருக்காது, நீலமாகவே இருக்கும். வெளிச்சமும் குறையும்.

இலை மேல் கரி

ராயபுரத்தில் ஒரு தலைமுறையே, கொடியில் காய்ந்த வெள்ளைத் துணியை உதறிப் பார்த்துத்தான் மடித்திருக்கிறது. 2011 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவின்படி அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி, இரும்புத்தாது ஏற்றி இறக்குவது நின்றது. நிலக்கரி 2001இல் தொடங்கிய எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போனது. ராயபுரத்தின் கொடித்துணி கொஞ்சம் வெளுத்தது. எண்ணூர்க்காரர்கள் அப்படிச் சொல்ல முடியாது.

செடிக்கு இதில் என்ன? வெயிலில் நிற்கும் செடிக்கு இலையில் தூசி படிந்தாலும் வெளிச்சத்தில் மிச்சம் இருக்கும். நிழல் செடி ஏற்கெனவே அரை வயிற்றுக்குத்தான் சாப்பிடுகிறது, அதிலும் பாதியைத் தூசி பிடுங்கிக்கொள்ளும். பதினைந்து நாளைக்கு ஒருமுறை ஒரு உள்ளங்கையை இலைக்கு அடியில் தாங்கலாகக் கொடுத்து, ஈரத்துணியால் காம்பிலிருந்து நுனி நோக்கித் துடையுங்கள். என் வீட்டு ரப்பர் செடியின் எட்டு இலை துடைத்ததில் வெள்ளைத் துணி அடுப்புத்துணியாகிவிட்டது. பளபளப்புக்காகத் தேங்காய் எண்ணெய் தடவுவது வேண்டாம். இலையின் மூச்சுத்துளைகள் அடைபடும், தூசி இன்னும் நன்றாக ஒட்டும்.

எல்லாம் சேப்பங்கிழங்கின் சொந்தக்காரர்கள்

மணி பிளான்ட், பீஸ் லில்லி, கலேடியம், டிஃபன்பாக்கியா என நிழலுக்கென்று நர்சரியில் எடுத்துத் தருபவற்றில் பாதிக்கு மேல் ஒரே குடும்பம். நம் சேப்பங்கிழங்கு, சேனைக்கிழங்கின் குடும்பம். பீஸ் லில்லிக்கு அல்லியோடும் லில்லியோடும் எந்த உறவும் இல்லை. சேனை நறுக்கும்போது கை அரிக்கிறதே, அதற்குக் காரணமான ஊசி ஊசியான கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இவற்றின் இலையிலும் தண்டிலும் இருக்கின்றன. தவழும் குழந்தை கடித்தால் வாய் எரிந்து வீங்கும். அந்தத் தொட்டிகளைத் தரையில் வைக்காமல் உயரத்தில் வையுங்கள்.

பூக்க மறந்த கொடி

மணி பிளான்டைத் திருடிக்கொண்டுவந்து நட்டால்தான் செழிக்கும் என்பார்கள். எங்கள் தெருவில் எல்லோர் வீட்டுக் கொடியும் ஒரே கொடிதான் என்று எனக்குச் சந்தேகம். அதன் பூர்வீகம் பசிபிக் கடலில் தாகித்திக்குப் பக்கத்திலுள்ள மூரியா தீவு. இந்தக் கொடி தானாகப் பூப்பதே இல்லை எனலாம். பூக்கத் தேவையான ஜிப்ரலின் ஹார்மோனை உண்டாக்கும் மரபணு அதில் சரியாக வேலை செய்வதில்லை என்று 2016இல் ஓர் ஆய்வு கண்டது. அந்த ஹார்மோனை வெளியிலிருந்து தெளித்தபோது பூத்தது. தொங்கவிட்டால் இலை சிறுக்கும், சுவரிலோ மரத்திலோ ஏற்றிவிட்டால் முறம் அளவுக்குப் பெருக்கும்.

கனகாம்பரம் என்னும் விளக்கு

நிழலில் பூக்கிற செடி எதுவும் இல்லையே என்று அங்கலாய்ப்பவர்களுக்குப் பூக்கடையிலேயே பதில் தொங்குகிறது. கனகாம்பரம் தென்னிந்தியாவையும் இலங்கையையும் சொந்த ஊராகக் கொண்டது. அரைநிழலைத் தாங்கிப் பூக்கும். காலையில் இரண்டு மூன்று மணி நேரம் சாய்வெயில் பட்டால் போதும், ஆண்டின் பெரும்பகுதி ஆரஞ்சு நிறத்தில் கதிர் விடும். மணம் இல்லாத குறையை மல்லியோடு சேர்த்துத் தொடுத்து எப்போதோ தீர்த்துவிட்டார்கள் நம் பெண்கள்.

அதன் விதைநெற்று ஈரம் பட்டதும் ‘பட்’டென்று வெடித்து விதையைத் தூர எறியும். காய்ந்த கதிரை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுவிட்டுக் காத்திருங்கள். பேரப்பிள்ளைகள் செல்போனைக் கீழே வைப்பார்கள்.

கடையில் அதிகம் பார்க்கும் அடர்நிறக் கனகாம்பரத்துக்கு ‘டெல்லி’ என்று பெயர். அது மும்மடியம்: குரோமோசோம் தொகுதி இரண்டுக்குப் பதில் மூன்று. அதனால் விதையே பிடிக்காது. கிளையை ஒடித்து நட்டுத்தான் பெருக்க வேண்டும். விதைக்காகக் காத்திருந்து ஏமாறாதீர்கள், வெடிக்கும் வேடிக்கையும் அதில் கிடையாது.

செடி உயரமாகக் கிளம்பி, கணுவுக்குக் கணு இடைவெளி கூடி, இலை மட்டும் பெரிதாக வந்தால் வெளிச்சம் போதவில்லை என்று அர்த்தம். தொட்டியைச் சந்தின் கிழக்கு வாய்க்கு இரண்டடி தள்ளுங்கள். நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை வரும்.

கொடிக்கால் பாடம்

நிழலைத் தேடிப் போய் உண்டாக்கிய விவசாயம் தமிழ்நாட்டில் ஒன்று உண்டு, வெற்றிலைக் கொடிக்கால். முதலில் அகத்தியை விதைத்து வளர்த்து, அதன் காலில் வெற்றிலைக் கொடியை நடுவார்கள். அகத்தி பற்றுக்கோலும் ஆகும், கூரையும் ஆகும். நேர் வெயில் பட்டால் வெற்றிலை தடித்து, வெளிறி, காரம் ஏறிப்போகும். சல்லடை போட்ட வெயிலில்தான் அது தளிராக இருக்கும். உங்கள் மூலையின் பக்கத்துக் கட்டடம் இலவசமாகத் தருகிற கூரையை அகத்தி என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஈரம் காக்கும் மண், வடிகால் உள்ள தொட்டி, பற்றி ஏற ஒரு கரடுமுரடான கம்பு. கணுவோடு நாலு துண்டு நட்டால் இரண்டு பிழைக்கும். பக்கத்தில் வல்லாரையும் புதினாவும் சேர்த்துக்கொள்ளலாம். துளசியை மட்டும் இங்கே சிறைவைக்காதீர்கள், அதற்கு வெயில் வேண்டும்.

மகிழ நிழலில் ஒரு சத்தியம்

எங்கள் ஊர்த் தியாகராஜர் கோயிலின் தலமரம் மகிழம். பெரியபுராணக் கதை பலருக்கும் தெரிந்ததுதான். உன்னைப் பிரியேன் என்று, மணக்கப்போகும் சங்கிலியாருக்குச் சத்தியம் செய்ய வேண்டிய சுந்தரர், தாம் கருவறை முன் சத்தியம் செய்யும்போது சிவன் மட்டும் வெளியே போய் மகிழமரத்தடியில் இருந்துகொள்ளட்டும் என்று ரகசியமாக வேண்டிக்கொண்டார். சிவனோ சங்கிலியாருக்குக் கனவில் சொல்லிவிட, அவர் சத்தியத்தை மகிழடியிலேயே வாங்கிவிட்டார். பின்னால் அதை மீறி ஒற்றியூர் எல்லையைத் தாண்டியபோது சுந்தரருக்குப் பார்வை போனது. மாசித் திருவிழாவில் இன்றும் மகிழடி சேவை நடக்கிறது.

மர நிழலில் நின்று பேசக் கூசுவது நெய்தல் நிலத்துக்கு இன்னும் பழைய பழக்கம். நற்றிணை 172ஆம் பாட்டில், தலைவியும் தோழியும் சிறுவயதில் விளையாட்டாக ஊன்றிய விதை முளைத்து வளர்ந்த புன்னை, தாயின் சொல்படி அவர்களுக்குத் தங்கை முறை. அந்த மரத்தடியில் வைத்துக் காதல் பேச வெட்கமாக இருக்கிறது என்கிறாள் தோழி.

மரத்தடி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மர நிழலும் சுவர் நிழலும் ஒன்றல்ல. மரத்தின் வேர் தண்ணீரையும் உரத்தையும் முந்திக்கொள்ளும், அங்கே குறைவது ஈரம். மண்ணைக் கொத்தி நடாமல் தொட்டியிலேயே வையுங்கள். சுவர் நிழலில் நிலைமை தலைகீழ், ஈரம் போகாது, வேர் அழுகும்.

உப்பும் ஏசி தண்ணீரும்

மீஞ்சூர்ப் பக்கத்து நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறிவிட்டதை 1960களின் இறுதியிலேயே கண்டுகொண்டார்கள். அதே வட்டாரத்தில், காட்டுப்பள்ளியில், கடல்நீரைக் குடிநீராக்க நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனுள்ள நிலையம் 2010இல் வந்தது. நம் தெருக்களிலும் போர் தண்ணீர் கரிக்கிற வீடுகள்தான் அதிகம். நிழலில் செடி குடிப்பதும் குறைவு, காய்வதும் மெதுவாக. உப்பு மட்டும் தொட்டியிலேயே தங்கும். இலை நுனி காபிப்பொடி நிறத்தில் கருகினால் அதுதான் அறிகுறி.

கையில் இருக்கும் மருந்து ஏசியின் குழாயிலிருந்து சொட்டுகிறது. அது காற்றின் ஈரம் குளிர்ந்து வடிந்த நீர், ஏறக்குறைய உப்பே இல்லாதது. நம் கடற்கரைப் புழுக்கத்தில் ஒரு பெட்டியே நாளுக்குப் பல லிட்டர் தரும். குடிக்கத்தான் கூடாது, வெற்றிலைக்குத் தாராளமாக ஊற்றலாம். மாதம் ஒருமுறை அடித்துளை வழியாக வழியும்வரை ஊற்றினால் பழைய உப்பும் கரைந்து போகும்.

மருள்

காற்றிலேயே உப்பு வீசும் இடத்துக்கு, ‘ஸ்நேக் பிளான்ட்’ என்று வெளிநாட்டுப் பெயரில் விற்பதன் நம்மூர் உறவான மருள் போதும். ராக்ஸ்பரோ என்ற தாவரவியலாளரின் பெயரை அறிவியல் பெயரில் தாங்கிய செடி இது. நாரை உரித்து வில்லுக்கு நாண் திரித்தார்கள். மறந்துபோய்ப் பத்து நாள் தண்ணீர் விடாவிட்டாலும் கோபிக்காது, தினமும் விட்டால்தான் அழுகும்.

லண்டன் துறைமுகத்தில் ஒரு டாக்டர்

கரிப்புகையில் செடி சாவது நம் தனிச்சொத்தல்ல. லண்டன் துறைமுகத்தை ஒட்டிய வெல்க்ளோஸ் சதுக்கத்தில் நத்தானியேல் வார்டு என்ற மருத்துவர் இருந்தார். அவர் ஆசையாக வளர்த்த பெரணியெல்லாம் ஆலைப்புகையில் மாண்டது. 1829 வாக்கில், அந்துப்பூச்சி வெளிவருவதைப் பார்க்கலாம் என்று அதன் கூட்டைக் கொஞ்சம் ஈரமண்ணோடு ஒரு கண்ணாடிச் சீசாவில் மூடி வைத்தார். மண்ணிலிருந்து ஒரு பெரணியும் ஒரு புல்லும் முளைத்துவிட்டன. புகை நுழையாத, ஈரம் வெளியேறாத குட்டி உலகம். 1833இல் அதே முறையில் கண்ணாடிப் பெட்டியில் செடிகள் சிட்னிக்குக் கப்பலேறி உயிரோடு இறங்கின. பின்னால் சீனத்துத் தேயிலைக் கன்றுகள் இந்தியாவுக்கு வந்ததும் வார்டின் பெட்டியில்தான். ஊறுகாய் பாட்டில், ஒரு பிடி மண், காம்பவுண்டுச் சுவர் இடுக்கில் தானாக முளைத்த பெரணி இருந்தால் நீங்களும் செய்து பார்க்கலாம்.

சாயங்காலம் சிவப்பு சாகும்

இருட்டு மூலையில் சிவப்புக் குரோட்டன்ஸ் வைப்பவர்கள் மாலை ஆறு மணிக்கு அதைப் பாருங்கள், கறுப்பாக இருக்கும். வெளிச்சம் குறையும்போது நம் கண்ணுக்கு முதலில் மங்குவது சிவப்பு. நீலமும் பச்சையும் வெள்ளையும் கடைசிவரை நிற்கும். செக் நாட்டு விஞ்ஞானி பர்கின்யே 1819இல் இதைக் கவனித்தார், அவர் பெயரே அதற்கு நிலைத்தது. போதாததற்கு, வெயில் குறைந்தால் குரோட்டன்ஸ் நிறத்தையே இழந்து பச்சையாகிவிடும். ஆபீஸ் விட்டு வந்து இருட்டும் நேரத்தில்தான் தோட்டம் பார்க்கிறவர் என்றால் வெள்ளை வரி போட்ட இலை, வெளிர்மஞ்சள் மணி பிளான்ட் வாங்குங்கள்.

காற்றைக் கழுவும் செடியா?

1989இல் நாசா செய்த ஆய்வைச் சொல்லி விற்கிறார்கள். அது மூடிய சின்னப் பெட்டிக்குள் நடந்தது. பழைய ஆய்வுகளையெல்லாம் திரும்பக் கணக்கிட்ட 2019ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, ஜன்னல் காற்று செய்கிற வேலையைச் செடி செய்ய ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடி வேண்டும் என்றது. மணலி ஆலைக் காற்றுக்கு மணி பிளான்ட் மருந்தாகாது. அழகுக்கு வையுங்கள்.

காசிமேட்டுத் தொட்டி

காசிமேட்டில் மீன் வந்த தெர்மாகோல் பெட்டிக்கு அடியில் நாலு துளை போட்டால் வெற்றிலைக்கும் வல்லாரைக்கும் நல்ல தொட்டி. வேரைச் சூடு தாக்காது, மாடிப்படியில் தூக்கிப்போக இலேசு. உப்பும் கவிச்சியும் போக நன்றாகக் கழுவுங்கள், இல்லாவிட்டால் தெருப்பூனைகள் மண்ணைக் கிளறிவிடும்.

மீன் கழிவும் வெல்லமும் சம எடையில் மூடி ஊறவைத்து, மூன்று வாரத்துக்கு மேல் ஆனதும் வடித்தால் மீன் அமிலம். லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி. வெயில் செடிக்குப் போடுவதில் பாதித் தடவை போதும் இந்த மூலைக்கு. வெளிச்சம் இல்லாத இடத்தில் உரம் ஏற்றினால் செடி நோஞ்சானாக உயர்ந்து சாயும். பாட்டி அடுப்புச் சாம்பல் போட்டாளே என்று நிலக்கரிச் சாம்பலைத் தொடாதீர்கள். பாட்டியுடையது விறகுச் சாம்பல், நிலக்கரிச் சாம்பலில் ஆர்செனிக், ஈயம் வரை சிறிய அளவில் இருக்கும்.

தூங்கும் தொட்டி

கலேடியம் கிழங்குச் செடி. மார்கழிக் குளிரிலும் வறண்ட நாட்களிலும் இலையை ஒவ்வொன்றாகக் கீழே விட்டு, மண்ணுக்கடியில் தூங்கப் போய்விடும். மேலே ஒன்றும் இருக்காது. போன தையில் பக்கத்து வீட்டம்மா அப்படி ஒரு தொட்டியைக் குப்பை வண்டி வரும் நேரத்துக்கு வாசலில் வைத்தார். கேட்டு எடுத்துவந்து சந்தில் ஓரமாகப் போட்டு, தண்ணீரை அடியோடு நிறுத்தினேன். ஏப்ரல் கடைசியில், கம்புக்கு நிழல் விழாத அந்த வாரம், மண் வெடித்து ஒரு சுருட்டு மாதிரி தளிர் வெளியே நீட்டியது. இப்போது ஏழு இலை, வெள்ளையில் பச்சை நரம்பு. அந்தம்மா தினமும் சுவர் மேலாக எட்டிப் பார்த்து, “அது எங்களுதுதானே?” என்கிறார். இந்த மார்கழியில் அது மறுபடி தூங்கும்போது திருப்பிக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.